காற்று கனமான ஊர்

அத்தியாயம் 6

"இறங்குறியா, ஆள வச்சுத் தூக்கச் சொல்லவா?"

சார்ஜெண்ட் போமா இதை ஏழாவது முறையாகக் கேட்டார். எவுலோஹியா காலிசாயா ஏழாவது முறையாக அதே பதிலைச் சொன்னாள்.

"தூக்குங்க. வண்டியோட சேர்த்துத் தூக்குங்க."

நேற்றுக் காலை எட்டு மணியிலிருந்து அவள் அந்த நீல மோட்டார் சைக்கிளின் மேல் உட்கார்ந்திருந்தாள். அகலப் பாவாடை டேங்க்கையும் இஞ்சினையும் சேர்த்து மூடியிருந்தது. தொப்பி நேராக இருந்தது. கம்பளிச் சால்வையை மட்டும் கழற்றி ஹேண்டில்பாரில் போட்டிருந்தாள். பள்ளத்தாக்கு ஊரான கரானவியின் புழுக்கத்தில் மெக்கானிக் ஷெட்டின் தகரக் கூரை காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் முப்பது பேர் வேடிக்கை பார்த்தார்கள். வேலைக்குப் போக வேண்டிய முப்பது பேர்.

மினிபஸ் ஒன்று நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள்.

முதலில் இறங்கியவள் நீல்தா சின்யானி. மலைமேல் இருக்கும் எல் ஆல்தோ நகரில் உதிரிபாகக் கடை ஒன்றின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். அதற்கு முன் ஒன்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தினாள். பின்னால் வந்தவர் அவளுடைய உதவியாளர் ருஃபீனோ லாருதா. இருபது வருடம் மினிபஸ் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை.

"டீச்சர், ரெண்டு காதும் அடைச்சுப் போச்சு. நாலாயிரம் மீட்டர்லேர்ந்து அறுநூறுக்கு அஞ்சு மணி நேரத்துல இறக்கினா மனுஷன் என்ன ஆவான்?"

"கொட்டாவி விடுங்கண்ணே."

"விட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிட்டார். எனக்கு ஒண்ணும் ஆகல."

நீல்தா கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பது.

சார்ஜெண்ட் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் இந்தப் பொண்ணு கூப்பிட்ட ஆளா? நல்லவேளை. கேளுங்க, சுருக்கமாச் சொல்லிடறேன். இவளும் காப்பி முதலாளியும் வண்டி என்னோடதுங்கறாங்க. ரெண்டு பேர்கிட்டயும் பேப்பர் இருக்கு. இவ பேப்பர்ல இஞ்சின் நம்பர் இருக்கு, இஞ்சின்ல நம்பர் இல்ல, எவனோ ராவி எடுத்துட்டான். இவ பேப்பர்ல வண்டி சிவப்பு, இங்க நிக்கறது நீலம். முதலாளி பேப்பர்ல நம்பரே கிடையாது."

"இந்த ஊர்ல எவன் வண்டியில நம்பர் இருக்கு?" என்றது ஒரு கனத்த குரல். "உங்க வண்டியிலயே இல்லயே, சார்ஜெண்ட்?"

சார்ஜெண்ட் இருமினார்.

குரலுக்குச் சொந்தக்காரர் தோன் கொன்ராதோ. காப்பிக்கொட்டை வியாபாரி. ஊரில் பாதிப் பேரின் விளைச்சல் அவர் தராசில் ஏறித்தான் வெளியே போகும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அவருக்காக யாரோ ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

"உங்க வண்டியைப் பத்திச் சொல்லுங்க, முதலாளி" என்றாள் நீல்தா.

"சொல்ல என்னம்மா இருக்கு? மூணு வருஷம் முன்னாடி இதே ஊர்ல வாங்கினேன். இதே ஊர்ல ஓட்டறேன். மலைப்பக்கம் ஏறினதே இல்ல. வாங்கறப்போ சிவப்பு. எனக்குச் சிவப்பு ஆகாது. ரெண்டு வருஷம் முன்னாடி நானே நீலம் அடிச்சேன். போதுமா?"

"இப்போதைக்கு."

"பன்னெண்டு மணி வரைக்கும் டைம்" என்றார் சார்ஜெண்ட். "அதுக்கு மேல இந்தக் கூட்டத்தை என்னால சமாளிக்க முடியாது. எதுவும் நிரூபிக்கலேன்னா வண்டி முதலாளிக்கு. பொண்ணு லாக்கப்புக்கு."

எவுலோஹியா காதில் விழாததுபோல் எதிர்ச்சுவரைப் பார்த்தாள். மலைமேல் பத்தாயாஸ் பக்கத்துக் கிராமங்களில் பாலாடைக்கட்டி வாங்கி எல் ஆல்தோ சந்தையில் விற்பவள் அவள். கார்னிவல் திருவிழா முடிந்த மறுநாள் சந்தை வாசலில் நிறுத்திய வண்டி காணாமல் போனது. அது நடந்து மூன்று வாரம். பதினோரு கிராமங்களில் ஆறு இப்போது வேறு ஆளுக்குப் பாலாடைக்கட்டி விற்கின்றன. வண்டி இல்லாமல் இன்னும் ஒரு வாரம் போனால் மீதி ஐந்தும் போய்விடும். அவள் ஒவ்வொரு பள்ளத்தாக்காக இறங்கித் தேடினாள். நேற்று இந்தத் தெருவில் நடந்து போனபோது ஒரு இஞ்சின் இருமுவது கேட்டது. உள்ளே வந்தாள். ஏறி உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

ருஃபீனோ அவள் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தினால் தெருமுனை வரைதான் கேட்கும்.

"ஏம்மா, நேத்துலேர்ந்து உட்கார்ந்திருக்கியே. அவசரத்துக்கு என்ன பண்ணினே?"

"ஜூஸ்காரம்மா மாத்தி உட்கார்ந்தாங்க. ரெண்டு தடவை."

"மூணு" என்றாள் வாசலில் பப்பாளி நறுக்கிக்கொண்டிருந்த தடித்த பெண்மணி. "ராத்திரி ஒண்ணு. அவ மறந்துட்டா. நான் மறக்கல, சீட்டு கல்லு மாதிரி இருந்துது."

கூட்டம் சிரித்தது. தோன் கொன்ராதோ சிரிக்கவில்லை.

நீல்தா மெக்கானிக்கிடம் போனாள். மேஸ்திரி ஃபகுந்தோ ஒல்லியான மனிதர். முதலாளியைப் பார்த்துவிட்டுத்தான் அவளைப் பார்த்தார்.

"வண்டிக்கு என்ன உடம்பு, மேஸ்திரி?"

"காலையில கிளம்பாது. முப்பது உதை உதைக்கணும். சோக் போட்டா கிளம்பும். சோக்கை எடுத்தா நின்னுடும்."

"கிளம்பினதுக்கு அப்புறம்?"

"ஆக்சிலரேட்டரை முறுக்கினா இருமும். பிக்கப்பே கிடையாது. ஒரு மூட்டை ஏத்தினா மேட்டுல படுத்துடும். இறக்கத்துல சைலன்சர் படபடன்னு வெடிக்கும்."

"சோக்கைப் பாதி இழுத்து வச்சா?"

மேஸ்திரி ஆச்சரியமாகப் பார்த்தார். "அப்போ ஓரளவு ஓடும். முதலாளி அப்படித்தான் ஓட்டறார்."

"நீங்க என்னெல்லாம் பார்த்தீங்க?"

"பிளக் மாத்தினேன். ஏர் ஃபில்டரைக் கழுவினேன். டேங்க்கைக் கழுவினேன், மூடியில இருக்கற காத்து ஓட்டையை ஊதினேன். குழாயைக் கழட்டிப் பார்த்தேன், பெட்ரோல் நல்லா வருது. கம்ப்ரஷன் நல்லா இருக்கு."

"கார்புரேட்டர்?"

"முதலாளி வேண்டாம்னுட்டார். பிளக்கோட நிறுத்து, மேல மேல செலவு வைக்காதேன்னார். நேத்துதான் போனாப் போகுதுன்னு ஒத்துக்கிட்டார். ஸ்க்ரூ டிரைவரைக் கையில எடுக்கறேன், இந்தம்மா வந்து ஏறிடுச்சு."

"எவ்வளவு நாளா இந்த உடம்பு?"

மேஸ்திரி மறுபடி நாற்காலிப் பக்கம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"மூணு வாரமா."

"கழட்டின பிளக் இருக்கா?"

தகர டப்பாவைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். பிளக்கின் நுனி வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கே, டீச்சர்" என்றார் ருஃபீனோ. "நம்ம ஊர்ல பிளக் கறுத்துத்தான் பார்த்திருக்கேன்."

நீல்தா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிளக்கைக் கைக்குட்டையில் சுற்றினாள். பிறகு எவுலோஹியாவின் முன்னால் போய் நின்றாள்.

"இந்த வண்டிக்குள்ள உனக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாவது இருக்கா? வாயால சொல்லாதே. எழுது."

எவுலோஹியா பேனாவை வாங்கி டேங்க்கின் மேல் தாளை வைத்து எழுதினாள். நிறைய எழுதினாள். நீல்தா படித்தாள். இன்னொரு முறை படித்தாள். நான்காக மடித்து சார்ஜெண்டிடம் கொடுத்தாள்.

"உங்க தொப்பிக்குள்ள வச்சுக்குங்க. நான் கேக்கற வரைக்கும் பிரிக்காதீங்க."

"எனக்காவது காட்டலாமில்ல?" என்றார் ருஃபீனோ.

"உங்க முகத்துல எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும்ண்ணே. கூட்டம் படிச்சிடும்."

அவர் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நீல்தா ஷெட்டின் நடுவுக்கு வந்தாள். இயல்பில் மெல்லப் பேசுகிறவள். இப்போது கடைசி பெஞ்சுக்கும் கேட்கும் குரலை எடுத்தாள்.

"மலைமேல காத்து லேசு. இங்க காத்து கனம். அது எல்லாருக்கும் தெரியும். இஞ்சின் காத்தையும் பெட்ரோலையும் கலந்து குடிக்குது. மேல காத்து கம்மியா இருக்கறதால எங்க ஊர்ல பெட்ரோலையும் குறைக்கணும். இல்லேன்னா வண்டி கறுப்பா புகை விட்டு மூச்சு முட்டும். அதனால கார்புரேட்டர்ல சின்ன ஜெட் போடுவாங்க. ஜெட்னா பித்தளையில ஒரு குட்டித் திருகு. நடுவுல ஊசித் துளை. இஞ்சினுக்குப் பெட்ரோல் அந்தத் துளை வழியாத்தான் போகுது. சரி, அந்த வண்டியை இங்க இறக்கிட்டா என்ன ஆகும்?"

முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். வகுப்பறைகளும் அப்படித்தான் இருக்கும்.

"காத்து நிறைய, பெட்ரோல் கொஞ்சம். காலையில கிளம்பாது. முறுக்கினா இருமும். பிளக் வெளுத்துடும். சோக் காத்தைக் கொஞ்சம் அடைக்கும், அதனால சோக் போட்டா மட்டும் ஓடும்." நீல்தா நாற்காலியின் பக்கம் திரும்பினாள். "முதலாளி, மூணு வருஷமா இந்த ஊரை விட்டு நகராத வண்டிக்கு, மூணு வாரமா மட்டும் மலைக்கார வண்டியோட வியாதி எப்படி வந்துது? நான் சொல்றேன். உள்ள சின்ன ஜெட் இருக்கு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சார்ஜெண்ட் முதலாளியைப் பார்த்தார்.

தோன் கொன்ராதோ சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"இருக்கே! யார் இல்லேன்னா? நான்தான் போட்டேன். பெட்ரோல் மிச்சம் பிடிக்க. மூணு வாரம் முன்னாடி, என் கையாலயே. இந்த ஊர்ல பாதிப் பேர் அதைத்தான் பண்றான். என்னப்பா, உண்டா இல்லியா?"

"உண்டு, உண்டு" என்றன சில குரல்கள். ஒரு கிழவர், "என் வண்டியிலயும் சின்னதுதான்" என்று கையைத் தூக்கினார்.

ருஃபீனோ நீல்தாவின் காதருகே குனிந்தார். "டீச்சர், பாடத்தையும் நடத்தி, பிட்டையும் நீங்களே கொடுத்துட்டீங்களே!"

நீல்தாவின் குரல் மாறவில்லை.

"பழைய ஜெட்டைக் கழட்டிட்டு சின்னதைப் போட்டீங்க. நிச்சயமா?"

"நிச்சயமா."

"நீங்களே கார்புரேட்டரைத் திறந்தீங்க."

"எத்தனை தடவை சொல்றது? நானே திறந்தேன், நானே மூடினேன். பழைய ஜெட் வீட்டுல எங்கயோ கிடக்கு."

"சார்ஜெண்ட், அதை அப்படியே எழுதிக்குங்க. பெயிண்ட் அடிச்சதையும் எழுதிக்குங்க. முதலாளி கையெழுத்து போடட்டும்."

தோன் கொன்ராதோ சுழித்துப் போட்டார். பெரிய கையெழுத்து. போட்டுவிட்டு ஜூஸ்காரம்மாவிடம் ஒரு பப்பாளி ஜூஸ் கேட்டார். "தீர்ந்துபோச்சு" என்றாள் அவள், வெட்டிய பப்பாளிக் குவியலுக்குப் பின்னாலிருந்து.

மணி பதினொன்று முப்பத்தைந்து.

"மேஸ்திரி, இப்போ திறங்க."

"இவ இறங்கினாத்தானே?" என்றார் சார்ஜெண்ட்.

"இறங்க வேண்டாம். எவுலோஹியா, பாவாடையை மட்டும் இந்தப் பக்கம் ஒதுக்கு."

எவுலோஹியா ஒதுக்கினாள். கார்புரேட்டர் தெரிந்தது. அவசரத்தில் அடித்த பெயிண்ட். ரப்பர் குழாயில் நீலம், கேபிளில் நீலம், கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் நீலம். கிண்ணத்தைப் பிடித்திருந்த நான்கு திருகுகளின் தலையிலும் நீலம் அப்பியிருந்தது.

"திறக்கறதுக்கு முன்னாடி நல்லாப் பார்த்துக்குங்க, சார்ஜெண்ட். நீங்களும் வந்து பாருங்க, முதலாளி. யார் வேணாலும் வரலாம்."

சார்ஜெண்ட் மண்டியிட்டுப் பார்த்தார். முதலாளி எழுந்திருக்கவில்லை. நீல்தா ஒரு வெள்ளைத் துணியை அடியில் விரித்தாள். மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவரை அழுத்தித் திருப்பினார். முதல் திருகு அசையும்போது மெல்லிய சத்தத்துடன் பெயிண்ட் விரிசல் விட்டது. நீலச் செதில்கள் துணியில் உதிர்ந்தன. அடுத்தது. அடுத்தது. நான்காவதும் வந்ததும் கிண்ணம் கழன்றது. பெட்ரோல் சொட்டியது. மேஸ்திரி ஜெட்டைக் கழற்றி, சட்டையில் துடைத்து, கண்ணருகே வைத்து நம்பரைப் படித்தார்.

"நூத்தி அஞ்சு."

"அப்படின்னா?" என்றார் சார்ஜெண்ட்.

மேஸ்திரி தயங்கினார். "கம்பெனியிலேயே போட்டு வர்றது, சார். பெரிய ஜெட். சின்னது இல்ல."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

தோன் கொன்ராதோவின் முகம் ஒரு நொடி தொங்கிப் போனது. அடுத்த நொடி சிரிப்பு வந்துவிட்டது.

"அப்போ என் வேலையாள் எவனாவது திருப்பிப் பழசையே போட்டிருப்பான். அதுவா முக்கியம்? இந்தம்மா என்ன சொன்னாங்க? உள்ள சின்ன ஜெட் இருக்கு, அதனால மலை வண்டின்னாங்க. இல்ல! மலையும் இல்ல, காத்தும் இல்ல. எல்லாம் பள்ளிக்கூடத்துக் கதை. சார்ஜெண்ட், மணி என்ன?"

"பதினொண்ணு நாப்பத்தெட்டு" என்றார் சார்ஜெண்ட். நீல்தாவைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

"டீச்சர்" என்றார் ருஃபீனோ, "அடுத்த மினிபஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டு வைக்கவா?"

நீல்தா எவுலோஹியாவைப் பார்த்தாள். எவுலோஹியாவின் கை ஹேண்டில்பாரை இறுக்கியிருந்தது. முகத்தில் பயம் இல்லை.

"மேஸ்திரி, அந்த ஜெட்டை வெயிலுக்கு நேராப் பிடிங்க. துளை வழியாப் பாருங்க."

மேஸ்திரி வாசலுக்கு நடந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார். நெடுநேரம் பார்த்தார்.

"உள்ள என்னமோ இருக்கு."

"என்ன?"

"முடி மாதிரி. இல்ல." நகத்தால் நெருடினார். "கம்பி. செம்புக் கம்பி. ஓட்டைக்குள்ள போய் வெளிய வந்து, நுனியைச் சுத்தி வச்சிருக்கு. அடேங்கப்பா! பெரிய துளையைக் கம்பி வச்சுச் சின்னதாக்கியிருக்காங்க."

"அண்ணே" என்றாள் நீல்தா, "மினிபஸ் அப்புறம். சார்ஜெண்ட், தொப்பியைக் கழட்டுங்க."

சார்ஜெண்ட் தொப்பியைக் கழற்றித் தாளைப் பிரித்தார். வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது. சத்தமாகப் படித்தார்.

"'ஜெட் வண்டியோட வந்ததுதான், நூத்தி அஞ்சு. சின்ன ஜெட் கேட்டுக் கடைக்குப் போனேன். உன் வீட்டுக்காரனை அனுப்புன்னு சிரிச்சாங்க. வீட்டுக்காரன் இல்லேன்னேன், அதுக்கும் சிரிச்சாங்க. வாங்காம வந்துட்டேன். உடைஞ்ச ரேடியோ ஒயர்லேர்ந்து ஒரு இழை செம்பு உருவி துளைக்குள்ள விட்டேன். விழாம இருக்க ரெண்டு நுனியையும் சுத்தினேன். மேல் நுனி ஒரு சுத்து. கீழ் நுனி மூணு சுத்து.'"

மேஸ்திரி கேட்காமலே ஜெட்டை நீட்டினார். சார்ஜெண்ட் கண்ணைச் சுருக்கி எண்ணினார்.

"ஒண்ணு." திருப்பினார். "ஒண்ணு, ரெண்டு... மூணு."

தோன் கொன்ராதோ நாற்காலியை விட்டு எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"இது என்ன நியாயம்? நேத்துலேர்ந்து மேல ஏறி உட்கார்ந்திருக்கறவ அவதானே! பாவாடையை விரிச்சு மூடிக்கிட்டு உள்ள என்ன பண்ணினாளோ, யாருக்குத் தெரியும்? அவளே வச்சிருப்பா!"

கூட்டம் எவுலோஹியாவின் பாவாடையைப் பார்த்தது. அது நடக்க முடியாத காரியம் இல்லை. சார்ஜெண்டும் அதைத்தான் யோசித்தார்.

நீல்தா குனிந்து வெள்ளைத் துணியை எடுத்தாள். நான்கு மூலையையும் பிடித்து, கொட்டிவிடாமல் சார்ஜெண்டிடம் நீட்டினாள்.

"இது முதலாளி அடிச்ச பெயிண்ட். நாலு திருகுத் தலையிலயும் உடையாம இருந்துது. நீங்க பார்த்தீங்க. பத்து நிமிஷம் முன்னாடி மேஸ்திரி கையாலதான் உடைஞ்சுது. இந்தப் பெயிண்ட்டை அடிச்சதுக்கு அப்புறம் அந்தக் கிண்ணத்தை யாரும் திறக்கல. எவுலோஹியாவும் திறக்கல. கம்பி பெயிண்ட்டுக்கு முன்னாடியே உள்ள இருந்திருக்கு."

அவள் தோன் கொன்ராதோவை நேராகப் பார்த்தாள்.

"பெயிண்ட் அடிச்சது ரெண்டு வருஷம் முன்னாடி. நீங்க சொன்னது. மூணு வாரம் முன்னாடி அதே கிண்ணத்தைத் திறந்து ஜெட் மாத்தினேன். அதுவும் நீங்க சொன்னது. ரெண்டுக்கும் உங்க கையெழுத்து இருக்கு. ரெண்டும் சேர்ந்து உண்மையா இருக்க முடியாது, முதலாளி. எது பொய்னு சொல்லுங்க."

தோன் கொன்ராதோ குனிந்து விழுந்த நாற்காலியைத் தூக்கினார்.

"ஓஹோ!" என்றார் ருஃபீனோ, மெல்ல, ஆனால் தெருமுனை வரை. "தப்பான பிட்டா கொடுத்தீங்க, டீச்சர்?"

"பிட் அடிக்கறவங்களை அப்படித்தாண்ணே பிடிப்பேன்."

"நான் காசு கொடுத்து வாங்கினேன்யா!" என்று கத்தினார் தோன் கொன்ராதோ. "சும்மாவா வந்துது? ஒருத்தன் கொண்டாந்தான், வாங்கினேன். எங்கேர்ந்து வந்துதுன்னு நான் ஏன் கேக்கணும்?"

"எப்போ வாங்கினீங்க?" என்றார் சார்ஜெண்ட். இப்போது அவர் குரல் வேறாக இருந்தது. "மூணு வருஷம் முன்னாடியா, மூணு வாரம் முன்னாடியா? யார் கொண்டாந்தது? எல்லாத்தையும் ஸ்டேஷன்ல உட்கார்ந்து பேசலாம். நாற்காலி எங்ககிட்டயும் இருக்கு."

முப்பது பேரும் வழி விட்டார்கள். முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மீதிப் பேர் குனியவில்லை. அவர் போனதும் ஜூஸ்காரம்மா ஒரு பெரிய டம்ளரில் பப்பாளி ஜூஸ் ஊற்றி எவுலோஹியாவிடம் கொடுத்தாள்.

வாசல்வரை போன சார்ஜெண்ட் திரும்பினார்.

"வண்டி உன்னோடதும்மா. இறங்கி வந்து கையெழுத்து போடு."

"பேப்பரை இங்க கொண்டாங்க."

அவர் ஒரு நொடி நின்றார். பிறகு கொண்டுவந்தார். எவுலோஹியா டேங்க்கின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

மேஸ்திரி ஃபகுந்தோ ஜெட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார். காலையிலிருந்து முதல்முறையாக நாற்காலி இருந்த பக்கம் பார்க்காமல் பேசினார்.

"பிரமாதமான வேலைம்மா. நான் இருபது வருஷமா கார்புரேட்டர் பார்க்கறேன், எனக்குத் தோணினதில்ல. இந்தக் கம்பியை மட்டும் உருவிட்டு மூடறேன். ஒரே உதை. அம்பு மாதிரி போகும்."

"உருவாதீங்க."

"கம்பி இருந்தா இங்க ஓடாதும்மா. கிளம்பறதுக்கே உயிர் போயிடும்."

எவுலோஹியா ஜூஸைக் குடித்து முடித்து டம்ளரை ருஃபீனோவிடம் நீட்டினாள். சால்வையை எடுத்து முதுகில் கட்டினாள்.

"நான் இங்க ஓட்டறதுக்கு வரல, மேஸ்திரி. மூடுங்க."

அவர் மூடினார்.